பின்வாசலுக்கு அறுபது விநாடி

பின்கதவைத் திறந்ததுமே அலாரப் பெட்டி கூப்பிட ஆரம்பித்துவிட்டது. பிக், பிக், பிக் என்று விநாடிக்கு ஒன்று, அவசரமில்லாமல், கோபமில்லாமல், வந்திருப்பது வீட்டுக்காரிதானா என்று கேட்டு வைக்கிற குரல். அதன் மரியாதை செண்பகவல்லிக்கு எப்போதும் பிடிக்கும். இந்தக் காலத்தில் வீட்டு மனுஷர்களே வந்தவர் யார் என்று தலை நிமிர்ந்து பார்ப்பதில்லை. தலையிலிருந்து தண்ணீர் சொட்ட, ஈரச் சேலை காலைத் தட்ட, சாவியோடு சேர்த்து நனைந்துபோன முந்தானையைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு சமையலறையைக் கடந்தாள், சாப்பாட்டு மேசையைக் கடந்தாள், கூடத்தில் முன்வாசலை ஒட்டிய சுவரில் இருக்கும் கீபேடின் முன்னால் வந்து நின்றாள். வழுக்கிவிடக் கூடாதென்று பார்த்துப் பார்த்து வந்ததில் பதினைந்து விநாடி ஆகியிருக்கும். அறுபதில் பதினைந்து போனால் நாற்பத்தைந்து. கணக்கெல்லாம் சரியாகத்தான் வருகிறது. ஆள்காட்டி விரலை நீட்டினாள். நீட்டிய விரல் நீட்டியபடியே நின்றது. நம்பர் இல்லை. இருந்த இடம் இருக்கிறது, அதில் நம்பர் மட்டும் இல்லை.

இது மறதி கிடையாது என்று முதலில் தன்னையே அதட்டிப் பார்த்தாள். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு வீடெல்லாம் தேடினால் அது மறதி. பால்காரரிடம் நாளைக்கு வரவேண்டாம் என்று சொல்ல நினைத்துச் சொல்லாமல் விட்டால் அது மறதி. இது வேறு ஏதோ. நேற்று சாயங்காலம் கோவிலுக்குப் போய்விட்டு வந்தபோது விரல் தானாகப் போய் நாலு பொத்தானை அழுத்திவிட்டுத் திரும்பியது, அவள் பாட்டுக்கு எதிர்வீட்டுக்காரியிடம் பேசிக்கொண்டே அழுத்தினாள். இந்த விரல்தானே அது. குளித்த குளிரில் நுனியெல்லாம் சுருங்கி, யாரோ அந்நியருடைய விரல் மாதிரி முகத்துக்கு முன்னால் நிற்கிறது. வேண்டாத நம்பரெல்லாம் முண்டியடித்துக்கொண்டு வருகிறது. கோவில்பட்டி டிரங்க் எக்ஸ்சேஞ்சில் பதினைந்து வருஷம் ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் அல்லவா, பஞ்சாலை நம்பர் வருகிறது, பெரிய ஆஸ்பத்திரி வருகிறது, தீப்பெட்டி ஆபீஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன, அந்த ஆபீஸ்களும் இல்லை, அந்த நம்பர்களும் இல்லை, நம்பர் கேட்ட ஆட்களில் பாதிப்பேர் இல்லை. பிக், பிக். ஏதாவது ஒன்றை அழுத்திப் பார்க்கலாம் என்றால் அதற்கும் வழியில்லை, மூன்று தரம் தப்பாக அழுத்தினால் பெட்டி மிச்ச நேரத்தைக்கூடத் தராது, உடனே சைரன்தான். சைரன் என்றால் மூன்றாவது சைரன். மூன்றாவது என்றால் வீடு போச்சு. புனேயில் இருக்கிற மகன் மகேந்திரன் போன மாதம் வந்திருந்தபோது இதே கூடத்தில் வைத்துத்தான் சொன்னான், ரெண்டு தரம் தேவையில்லாமல் அடித்து ஊரைக் கூட்டியாகிவிட்டது, இன்னொரு தரம் அடித்தால் வீட்டைப் பூட்டிக்கொண்டு எங்களோடு வந்துவிட வேண்டும் என்று. அவளும் ரோஷத்தில் சரி என்று தலையாட்டிவிட்டாள். போன் சாப்பாட்டு மேசை மேல்தான் கிடக்கிறது, ஏழெட்டு அடி. கூப்பிட்டால் அவன் அங்கே இருந்தபடியே தன் போனில் ஒரு தட்டுத் தட்டி இதை நிறுத்திவிடுவான். ஆனால் என்னவென்று சொல்லிக் கூப்பிடுவது. அந்த ஒரு போன் மூன்று சைரனுக்குச் சமம். கால் நகரவில்லை.

ஜெசிந்தா இருந்தால் இந்நேரம் என்ன செய்வாள். ஜெசிந்தாதான் இந்தப் பெட்டியை மாட்டியவள், தூத்துக்குடிப் பெண், முப்பத்திரண்டு வயசு, ஏணியைத் தானே தோளில் தூக்கிக்கொண்டு வந்தாள். பின்தெருவில் பூட்டை உடைத்தார்கள் என்று கேள்விப்பட்டு மகன் பெட்டிக்கு ஏற்பாடு செய்தபோது செண்பகவல்லி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் இருந்தாள். ரெண்டு பீரோ பழஞ்சேலைக்குக் காவலா என்றாள். கணவர் ஆவுடையப்பன் போய் ஆறு வருஷம் ஆன வீட்டில் திருடன் வந்தாலாவது பேச்சுத்துணை கிடைக்கும் என்றுகூடச் சொன்னாள். அந்தப் பெண் சிரித்துவிட்டு, பையைக்கூடத் திறக்காமல் வீட்டை ஒரு சுற்று சுற்றினாள். மதில் உயரம் பார்த்தாள், குளியலறை வெண்டிலேட்டர் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தாள், மொட்டைமாடிக் கதவை முழங்கையால் ஒரு இடி இடித்தாள். "முதல்ல நான் திருடியா இருந்தா எப்படி வருவேன்னு பாத்துக்கிடணும்மா. அதுக்கப்புறந்தான் ஒயரு" என்றாள். அங்கேயே செண்பகவல்லிக்கு அவளைப் பிடித்துப்போனது. வேலை தெரிந்தவர்களை முதல் பத்து நிமிஷத்தில் தெரிந்துவிடும், எந்த வேலையாக இருந்தாலும். முன்வாசலில் ஒரு சென்சார், பின்கதவில் ஒன்று, மாடிக்கதவில் ஒன்று, கூடத்தின் மூலையில் நடமாட்டம் பார்க்கிற கண் ஒன்று, அதுவும் வெயில் நேராக அடிக்காத மூலையாகப் பார்த்து. சைரனை எட்டாத உயரத்தில் வைத்தாள், திருடன் கண்ணில் படுகிற இடத்தில் வெறும் டப்பா ஒன்றை வைத்தாள். கரண்ட் போனாலும் உள்ளே பேட்டரி ஓடும், பயப்படாதீங்க என்றாள். பக்கத்து வீடு ரெண்டுக்கும் அவளே போய், சைரன் கேட்டால் முதலில் யார் போன் பண்ண வேண்டும், யார் வெளியே வந்து பார்க்க வேண்டும், யார் கிட்டேயே வரக்கூடாது என்று சொல்லிக் கொடுத்துவிட்டு வந்தாள். மாட்டினதோடு முடிஞ்சுபோச்சுன்னு நினைச்சிராதீங்கம்மா, வாரம் ஒருக்கா சோதிக்கணும், கண்ணுல ஒட்டடை கட்டவிடக் கூடாது, நடந்ததை நோட்டில் எழுதணும் என்றாள். சனிக்கிழமை பத்து மணிக்குச் செண்பகவல்லி சைரனை ரெண்டு விநாடி ஒலிக்கவிட்டு நிறுத்துவாள், பக்கத்து வீட்டம்மா அதைக் கேட்டுத்தான் உலை வைக்கிறாள். அன்றைக்கு ஜெசிந்தா அவளைக் கூடத்தில் அங்கேயும் இங்கேயும் நடக்கச் சொன்னாள். நடந்தாள். அவள் அடி எடுத்து வைக்கும்போதெல்லாம் மூலையில் சிவப்பு விளக்கு ஒரு தரம் மினுக்கியது. நின்றால் அணைந்தது. நடந்தால் மினுக்கியது. ஆறு வருஷமாக அவள் இந்தக் கூடத்தில் நடந்ததை யாரும் கவனித்ததில்லை. அதை ஜெசிந்தாவிடம் சொல்லவில்லை, காபி போடுகிறேன் என்று உள்ளே போய்விட்டாள். எக்ஸ்சேஞ்சு போர்டில் இப்படித்தான், லைன் உயிரோடு இருந்தால் விளக்கு வரும். பெட்டி ராத்திரி பகல் கண் மூடாமல் டூட்டி பார்க்கிறது, லீவு கேட்பதில்லை, எந்தக் கதவு, எத்தனை மணி என்று ஒன்று விடாமல் குறித்து வைக்கிறது. அவள் கூட வேலை பார்த்தவர்களில் நாலு பேருக்கு இந்தப் புத்தி இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பிக், பிக். இருபத்தைந்தா, முப்பதா. எண்ணிக்கையை விட்டுவிட்டாள். அந்த ரெண்டு சைரனும் இவள் மறந்து அடித்தது இல்லை, அதை மகனிடம் சத்தியம் பண்ணிச் சொல்லலாம். முதலாவது தினசரிக் காலண்டரால் வந்தது. காற்றாடியை அணைக்காமல் ரேஷன் கடைக்குப் போனாள், தேதி கிழிக்காத காலண்டர் படபடவென்று ஆடியதைப் பெட்டி ஆள் நடமாட்டம் என்று எடுத்துக்கொண்டது. தெருவே திரண்டு வந்து காலண்டரைப் பிடித்தது. ரெண்டாவது துட்டி வீட்டால். சொந்தத்தில் பொட்டலூரணிப் பெரியவர் ஒருவர் தவறிப்போன அன்றைக்கு, எல்லாரும் செய்கிற மாதிரி முன்வாசலை மிதிக்காமல் சந்து வழியாகப் பின்னால் போய், வெளிக் குளியலறையில் உடுத்தியிருந்த சேலையோடு தலை முழுகிவிட்டு ஈரத்தோடு பின்கதவைத் திறந்தாள். நேரம் கொடுக்கிற கதவு முன்கதவு ஒன்றுதான், பின்கதவு திறந்தால் பெட்டிக்கு அது திருடன்தான். எடுத்த எடுப்பிலே அலறிவிட்டது. ஈரச் சேலையில் நின்றவளைப் பார்க்கத் தெரு ஆண்கள் ஓடி வந்தார்கள். அந்த மானக்கேட்டை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது. மகன் போனில் சலித்துக்கொண்டான், முன்வாசல் வழியாக வந்தால் என்ன குடிமுழுகிப் போய்விடும் என்றான். ஜெசிந்தா அப்படிக் கேட்கவில்லை. தலையில் அடித்துக்கொண்டு, தன்னைத்தான் திட்டிக்கொண்டாள், "எங்க வீட்லயும் துட்டிக்குப் போனா பின்னாடிதான வருவோம், எனக்கு எப்படித் தோணாம போச்சு." மறுநாளே வந்து பின்கதவுக்கும் நேரம் வைத்தாள். முன்கதவுக்கு முப்பது விநாடி, பின்கதவுக்கு அறுபது. ஏன் இரட்டிப்பு என்றால், ஈரக்காலோடு ஓடக் கூடாது, வழுக்கி விழுந்தால் திருடனைவிட மோசம் என்றாள். அதற்கு மேலே போனால் திருடனுக்குச் சௌகரியமாகிவிடும், அதனால் அறுபது. உலகத்தில் எந்த ஊர்க் கம்பெனி செய்து அனுப்பிய பெட்டியோ, அது துட்டி வீட்டுக்குப் போய்விட்டு வருகிற பெண்ணுக்காகக் காத்திருக்கக் கற்றுக்கொண்டது. அதை நினைத்து நினைத்துச் சந்தோஷப்பட்டிருக்கிறாள். அந்த அறுபதில்தான் இப்போது நின்றுகொண்டிருக்கிறாள், ஒன்றும் வராமல்.

ஏனென்றால் இன்றைக்கும் துட்டி வீடுதான். ரஞ்சிதக்கா போய்விட்டாள். காலை எட்டு மணிக்குச் செய்தி வந்தது, போய் மாலை போட்டு, பெண்களோடு பெண்ணாக உட்கார்ந்துவிட்டு, எடுக்கிற வரைக்கும் இருந்துவிட்டு வருகிறாள். அழுகை வரவில்லை. எல்லாரும் அழுதார்கள், கட்டிக்கொண்டு அழுதார்கள், இவள் மட்டும் மாலையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். எக்ஸ்சேஞ்சு போர்டில் ரெண்டு பேருக்கும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. அறுநூறு நம்பர் மனப்பாடம் அக்காவுக்கு, டைரக்டரியைத் தொட்டுப் பார்த்ததில்லை, கேட்கிறவர் பாதி சொல்லும்போதே வயரைச் சரியான குழியில் செருகிவிடுவாள். எதிர்முனையில் ஆள் பேசாமல் இருக்கிறாரா, லைனே அறுந்துபோய்விட்டதா என்பதை அவள் ஒருத்திதான் சரியாகச் சொல்வாள். செத்த லைனில் ஒன்றுமே இருக்காது செம்பா, ஆள் இருந்தால் மூச்சு இருக்கும், கேட்டுப் பாரு என்பாள். எழுபத்தாறில் செண்பகவல்லி வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், முதல் விளக்கு, தப்பான குழியில் செருகப் போனபோது, அக்கா திரும்பிக்கூடப் பார்க்காமல் மணிக்கட்டைப் பிடித்துச் சரியான குழிக்கு நகர்த்திவிட்டுத் தன் வேலையைப் பார்த்தாள். யாரிடமும் சொல்லவும் இல்லை. அந்த ரஞ்சிதக்காதான் வேலையில் கடைசி வருஷம் புகார் கவுண்டரில் உட்கார்ந்து நம்பர்களை மாற்றி மாற்றி எழுத ஆரம்பித்தாள். செண்பகவல்லி சத்தமில்லாமல் திருத்தினாள். திருத்தித் திருத்தி ஒரு வருஷம் மூடி வைத்தாள். அக்காவும் விவரமானவள், லைட் சரியில்லை, பேனா சரியில்லை, அசதியா இருக்கு என்று தினம் ஒன்று சொல்வாள், இவளும் ஆமாம்க்கா என்பாள். அக்காவின் மகள் ஒருநாள் போன் பண்ணி அம்மா ஆபீஸில் நல்லா இருக்காளா என்று கேட்டபோது, அக்காவுக்கு என்ன, எங்களுக்கெல்லாம் நம்பர் சொல்றதே அவங்கதான் என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். பாசத்தில்தான் சொன்னாள். மூன்று வருஷம் கழித்துத்தான் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார்கள், முன்னாடியே வந்திருக்கலாமே என்று டாக்டர் சொன்னதை அந்த மகள் இவளிடமே வந்து சொல்லி அழுதாள். அப்புறம் பன்னிரண்டு வருஷம். கடைசியாகப் போன தை மாதம் பார்க்கப் போனபோது அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள், மகளையும் தெரியவில்லை, கையில் இருந்தது கரண்டி என்றும் தெரியவில்லை. செண்பகவல்லி கையைத் தொட்டதும் முதுகை நிமிர்த்திக்கொண்டு, அந்தப் பழைய கணீர் குரலில், "நம்பர் ப்ளீஸ்" என்றாள். என்ன சொல்வது என்று தெரியாமல் ஏதோ ஒரு நம்பரைச் சொன்னாள். அக்கா கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டாள். "என்கேஜ்டா இருக்கும்மா. லைன்லயே இருங்க" என்றாள். இருந்தாள் செண்பகவல்லி. அரைமணி நேரம் லைனில் இருந்தாள்.

அப்படியானால் இதுதான் அதுவா. இப்படித்தான் தொடங்குமா. அன்றைக்குக் கவுண்டரில் அக்காவுக்கு இப்படித்தான் இருந்திருக்குமா, இருந்த இடம் இருந்து நம்பர் மட்டும் இல்லாமல். பிக் பிக் பிக் பிக் என்று பெட்டி வேகம் பிடித்தது, கடைசிப் பத்து விநாடி. மகன் வீட்டு ஏழாவது மாடி, அங்கே அவளுக்கென்று போட்டிருக்கிற கட்டில், இங்கே மூலையில் பார்க்க ஆளில்லாமல் மினுக்கப்போகிற விளக்கு. யோசி. நம்பர் எது வேண்டாம் என்று ஜெசிந்தா சொன்னது அத்தனையும் வருகிறது. பிறந்த வருஷம் கூடாது, கதவு எண் கூடாது, வண்டி நம்பர் கூடாது, நல்லா யோசிச்சு யாருக்குமே தெரியாத ஒண்ணா வைங்கம்மா, காகிதத்துல எழுதாதீங்க, வாய்விட்டும் சொல்லாதீங்க, விரலுக்கு மட்டும் தெரிஞ்சா போதும். ஐந்து மாதமாக அவள் அந்த நம்பரை ஒரு தரம்கூட வாயால் சொன்னதில்லை. அங்கே தட்டியது. வாயால் சொல்லாத நம்பர் எந்தக் காலத்தில் இவளிடம் தங்கியிருக்கிறது. கேட்டு, திருப்பிச் சொல்லி, செருகி, அப்படியே நாள் முழுக்க ஆயிரம் நம்பர் வாய் வழியாகப் போய்வந்தவள். விரலை நம்பி விட்டாயே என்று விரலைக் கீழே இறக்கினாள். முதுகை நிமிர்த்தினாள். யாருமில்லாத கூடத்தில், சுவர்ப் பல்லியைத் தவிரக் கேட்க ஆளில்லாத கூடத்தில், கணீரென்று கேட்டாள், "நம்பர் ப்ளீஸ்." கேட்ட மூச்சிலேயே வாய் பதில் சொன்னது, "விருதுநகர் த்ரீ ஒன் செவன் ஃபோர்." ஒரு வத்தல் மண்டி நம்பர், அவள் முதன்முதலாகப் போட்டுக் கொடுத்தது. முதல் நாள், முதல் விளக்கு, மணிக்கட்டைப் பிடித்து நகர்த்திய கை. அதைத்தான் வைத்தாள், உலகத்தில் ரெண்டே பேருக்குத் தெரிந்த நம்பர் என்று, அதில் ஒருத்திக்கு எதுவுமே தெரியாது என்று. மூன்று, ஒன்று, ஏழு, நாலு. பெட்டி சட்டென்று அடங்கியது. பச்சை விளக்கு வந்தது. வீடு அமைதியான பிறகுதான் தான் அழுதுகொண்டிருப்பது அவளுக்குத் தெரிந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு, அக்கா, அக்கா என்று சொல்லிச் சொல்லி அழுதாள், கூடத்துத் தரையில் ஈரம் குளம் கட்டி நின்றது, மூலையில் சிவப்பு விளக்கு அவள் தோள் குலுங்கும்போதெல்லாம் மினுக்கியது.

மேசை மேல் போன் அடித்தது. மகேந்திரன். பெட்டிக்கு விசுவாசம் ஜாஸ்தி, கதவு திறந்ததையும் அடங்கியதையும் புனேக்கு உடனே சொல்லிவிடும், அதையும் ஒரு கெட்டிக்காரத்தனம் என்று இத்தனை நாள் மெச்சியவள்தான். எடுத்தாள். துட்டி வீட்டில் எல்லாம் முடிந்ததா என்று கேட்டான், ரஞ்சிதம் பெரியம்மாவைப் பற்றி ரெண்டு வார்த்தை சொன்னான், அப்புறம் மெதுவாக அந்தக் கேள்விக்கு வந்தான். "அம்பத்தெட்டு செகண்டுன்னு காட்டுதேம்மா. என்னாச்சு?" பதில் ரெடியாக இருந்தது. தரை ஈரம், பார்த்து நடந்தேன். அதில் பாதி உண்மைகூட. ஜெசிந்தாவே அதற்காகத்தானே அறுபது வைத்தாள், யார் சந்தேகப்படப் போகிறார்கள். சைரன் அடிக்கவில்லை, பேச்சுப்படி வீடு அவளுக்குத்தான். வாயைத் திறந்தாள். லைட் சரியில்லை, பேனா சரியில்லை, அசதியா இருக்கு. அக்காவின் குரல் அப்படியே காதில் கேட்டது, அதற்கு ஆமாம்க்கா என்று தான் சொன்னதும் கேட்டது. பெட்டிக்குப் பக்கத்தில் நோட்டுத் தொங்கியது, நடந்ததை எழுத வேண்டிய நோட்டு, மாதம் ஒரு தரம் ஜெசிந்தா வந்து வரிவிடாமல் படிக்கிற நோட்டு.

"நம்பர் மறந்துபோச்சுய்யா" என்றாள். "நின்னு முழிச்சிக்கிட்டிருந்தேன். சுத்தமா வரல. கடைசில வந்துச்சு. நீ ஒரு நல்ல டாக்டரா பாத்துச் சொல்லு, போய்ட்டு வாரேன்."

எதிர்முனையில் சத்தமில்லை. செண்பகவல்லி போனைக் காதோடு அழுத்திக்கொண்டு கேட்டாள். செத்த லைன் இல்லை. மூச்சு இருந்தது, கொஞ்சம் அடைத்த மூச்சு. வீட்டைப் பற்றி என்ன சொல்வானோ, இப்போதே கிளம்பு என்பானோ, அவள் அவசரப்படுத்தவில்லை. காத்திருக்க அவளுக்குத் தெரியும். ஒரு கையால் நோட்டைப் பிரித்து, தேதி போட்டு, பின்கதவு, ஐம்பத்தெட்டு விநாடி, நம்பர் மறந்தது என்று எழுதினாள். எழுதி முடிக்கும்போது குரல் வந்தது.

"லைன்லதாம்மா இருக்கேன்" என்றான்.